தண்ணீரோடு பத்து நிமிஷம்

“ஜெசிந்தாம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கப்பலைத் திருப்பச் சொல்லிருவேன்.”

காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

மகராசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து கணினித் திரையைப் பார்ப்பார். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஐம்பத்தொரு வயது மனுஷன் இப்படியா பறப்பார் என்று கேட்கலாம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

இந்த மாதத்தில் வங்கக்கடலின் நடுவே வெதுவெதுப்பான நீர்த்திட்டு ஒன்று உண்டு என்று மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறார். ஒருத்தரும் நம்பவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஆய்வுக் கப்பலில் ஒரு பயணம் வாங்கினார். இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

ஜெசிந்தா கப்பலின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். தூத்துக்குடிக்காரி. வயதில் அவரைவிடப் பதினாறு வருஷம் சின்னவள். ஆனாலும் ஏறின அன்றே, “இங்க நீங்கதான் எனக்குக் குரு” என்று கும்பிட்டுவிட்டார் மகராசன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பக்கம், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு துவாரம். அது வழியாகப் பம்பு கடல்நீரை உறிஞ்சி, நீளமான குழாயில் ஆய்வறைக்கு அனுப்பும். அங்கே உள்ள கருவி சூட்டையும் உப்பையும் அளந்து திரையில் கோடு போடும். துவாரத்திலேயே இருந்த வெப்பமானி போன வாரம் கண்ணை மூடிவிட்டது. ஆகவே ஆய்வறை எண்தான் கதி.

“முப்பது புள்ளி ஆறும்மா! நேத்து இருபத்தெட்டரை. நான் தேடின இடம் இதுதான். வடக்கே போகப் போக இன்னும் ஏறும்.”

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள்.

“உப்புக் கோடு ரொம்ப அடக்கமா இருக்கே சார். வெளியே கடல் இந்த ஆட்டம் ஆடுது.”

“நேத்துப் பூரா துள்ளிச்சு. காத்துக் குமிழி வருதுல்லா? பாத்துப் பாத்து எனக்குத் தலை வெடிச்சிரும்போல ஆயிட்டு. அதான் காலையில தண்ணி வர்ற வால்வைக் குறைச்சு வச்சேன். இப்பப் பாருங்க, வகிடு எடுத்த மாதிரி!”

அவள் வால்வைத் திரும்பிப் பார்த்தாள்.

தொலைபேசி அடித்தது. கேப்டன்.

“சார், நாலு மணிக்கு முடிவு சொல்லுங்க. வடக்கே திரும்பினா மறுபடி இந்தப் பாதைக்கு வர எண்ணெய் கிடையாது. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

மணி மூன்று நாற்பது.

ஜெசிந்தா ஒரு லிட்டர் குவளையை எடுத்தாள். கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வழக்கமாக மூன்று விநாடியில் நிறையும் குவளை. முப்பது விநாடி ஆயிற்று.

“சார், இந்தத் தண்ணி கடலை விட்டு எப்பக் கிளம்புச்சு?”

“இப்பத்தான்.”

“இப்பன்னா?”

“விளையாடுற நேரமாம்மா இது?”

“வாங்க. தண்ணியோட சேர்ந்து வருவோம்.”

முன்பக்கம் பம்பு இருக்கும் அறைக்கு இறங்கினார்கள். குழாய் தலைக்கு மேலே ஓடியது. ஆய்வறை வரைக்கும் நாற்பது மீட்டர்.

மகராசன் விறுவிறுவென்று நடந்தார். அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“தண்ணி இன்னும் இங்கதான் இருக்கு சார்.”

ஓர் அடி வைத்தாள். நின்றாள். பத்து விநாடி கழித்து இன்னோர் அடி.

“அட, என்னம்மா இது! ஊர்கோலமா போறோம்?”

இன்னோர் அடி.

குழாய் இயந்திர அறைக்குள் நுழைந்தது. அவர்களும் நுழைந்தார்கள். சத்தம் காதைப் பிளந்தது. அனல் முகத்தில் அடித்தது. மகராசனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“இங்க ஏன் நிக்கோம்?” என்று கத்தினார்.

“தண்ணி நிக்குது சார்!” அவளும் கத்தினாள்.

“நாலாகப் போவுது! நான் அவிஞ்சு போறேம்மா!”

ஜெசிந்தா மேலே குழாயைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

இயந்திர அறையைக் கடக்க மூன்று நிமிஷம் ஆயிற்று. மிச்ச தூரத்துக்கு அவள் சட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆய்வறைக்கு வந்ததும் மகராசன் வால்வுக்கு முன்னால் நின்றார். கையை வைத்தார், எடுத்தார். அவள் திறக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தார். அவள் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவரே முழுக்கத் திறந்தார்.

உப்புக் கோடு குதிக்க ஆரம்பித்தது. சூட்டு எண் முப்பது புள்ளி மூன்று என்றது. இருபத்தொன்பது புள்ளி நான்கு. இருபத்தெட்டு புள்ளி ஏழு. அதற்குப் பிறகு அசையவில்லை.

மூன்று வருஷம் ஒரே நிமிஷத்தில் வடிந்துபோயிற்று. மகராசனுக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

தொலைபேசி அடித்தது.

“வடக்கா சார், நேராவா?”

“நேராவே போங்க கேப்டன்.”

வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்போ நான் சொன்ன சூடு இந்தக் கடல்ல இல்லவே இல்லையாம்மா?”

“எனக்கு எப்படித் தெரியும் சார்?” என்றாள் ஜெசிந்தா. “கடலை இப்பத்தானே அளக்க ஆரம்பிச்சிருக்கீங்க.”