அழுங்கும் யோகா மாஸ்டரும்

மூங்கில்பள்ளம் காட்டில் சிலம்பாயி என்று ஓர் அழுங்கு வாழ்ந்துவந்தாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பு முழுக்க ஓடு ஓடாகச் செதில், பல்லே இல்லாத வாய், முழ நீளத்துக்கு நாக்கு. கறையான் புற்றை நகத்தால் பிராண்டி, உடைத்த இடத்தில் நாக்கை விட்டால் வயிறு நிறைந்துவிடும். ஆபத்து வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்து மாதிரி சுருண்டுகொள்வாள். சிறுத்தைகூட நாலு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நடையைக் கட்டிவிடும்.

அவளிடம் ஒரே ஒரு சிக்கல். எல்லாமே அவளுக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

நெல்லிக்காய் விழுந்தால் சுருண்டாள். மயில் அகவினால் சுருண்டாள். பின்னாலிருந்து யாராவது "சௌக்கியமா?" என்று கேட்டால் சுருண்டாள். ஒன்றுமே நடக்காத நாட்களில், இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைத்துச் சுருண்டாள்.

இப்படியே சுருண்டு சுருண்டு கழுத்து பிடித்துக்கொண்டது. முதுகு பலகையானது. முன்னங்கால்கள் வலுவிழந்து போயின. புற்றை உடைக்கத் தெம்பில்லாமல், உதிர்ந்து கிடக்கிற எறும்பைப் பொறுக்கித் தின்றாள். நல்ல புற்றாகப் பார்த்து அவள் போய் நிற்பதற்குள் கரடி மொக்கையன் அங்கே உட்கார்ந்திருப்பான். மொக்கையன் கெட்டவன் இல்லை, பசிக்காரன். "அக்கா, நீ சுருண்டு எந்திரிக்கறதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிச்சிடறேன், கோவிச்சுக்காத" என்பான். அதைக் கேட்டும் அவள் சுருண்டுகொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் தாண்டவன் என்கிற கருமுகக் குரங்கு காட்டுக்குத் திரும்பி வந்தான். ஆறு மாதம் அடிவாரத்து ஊரில் இருந்தவன். யோகா சொல்லித்தருகிற ஒரு கூடத்தின் ஜன்னலை ஒட்டி வேப்பமரம் ஒன்று இருந்ததாம். அதில் உட்கார்ந்தபடியே தினமும் இரண்டு வேளை பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டானாம். இனிமேல் தன்னைத் தாண்டவன் என்று யாரும் கூப்பிடக் கூடாது, மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான். தன்னிடம் கற்றால் உடம்பு இரும்பாகும், மனசு பஞ்சாகும் என்றான்.

மனசு பஞ்சாகும் என்ற வார்த்தை சிலம்பாயியைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஓடைக்கரைப் பாறைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மொக்கையன், முயல், காட்டுப்பன்றி, ஆமை வெள்ளையம்மா, கொக்கு என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. மாஸ்டர் எடுத்த எடுப்பில் சிரசாசனம் சொல்லிக்கொடுத்தான். ஊரில் அதற்குத்தான் நிறையக் கைதட்டல் கிடைத்ததாம். முயல் தன் காதுகள் மேலேயே தலையை வைத்து நின்று, வலி தாங்காமல் கத்தியது. காட்டுப்பன்றி மூக்கு பாறையில் மாட்டியது. வெள்ளையம்மா மல்லாந்து விழுந்து நாலு காலையும் ஆகாயத்தில் உதைத்துக்கொண்டு கிடந்தாள். "பிரமாதம், அப்படியே இருங்க" என்று மாஸ்டர் அவளைப் பாராட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது. எல்லாரும் கொக்கைப் பாருங்கள், என்ன ஒரு மன ஒருமை என்று மாஸ்டர் வியந்துகொண்டிருந்தபோதே அது சட்டென்று குனிந்து ஒரு கெண்டையைக் கொத்தி விழுங்கியது.

சிலம்பாயியின் முறை வந்தது. அவளுக்கு ஒரு தனி ஆசனம் வைத்திருப்பதாக மாஸ்டர் சொன்னான். இவ்வளவு நாளாக முன்பக்கம் சுருண்டாள் அல்லவா, இன்றைக்குப் பின்பக்கம் வளைந்தால் கணக்கு சரியாகிவிடும் என்பது அவன் யோசனை. சிலம்பாயி முக்கி முனகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வளைந்தாள். பாதிக்கு மேல் போகவில்லை. கொஞ்சம் அழுத்திவிடச் சொல்லி மாஸ்டர் மொக்கையனுக்கு ஜாடை காட்டினான். கரடியின் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அவன் யோசிக்கவில்லை.

முதுகில் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிலம்பாயி பயந்துபோய்ச் சுருண்டாள். இந்தத் தடவை சுருள் திறக்கவில்லை.

மொக்கையன் வாலைப் பிடித்து இழுத்தான். காட்டுப்பன்றி உருட்டிப் பார்த்தது. யார் என்ன செய்தாலும் பந்து இன்னும் இறுகியது. மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது சாதாரணமாக யாருக்கும் கிடைக்காத சமாதி நிலை, எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான். எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பந்துக்குள் சிலம்பாயி தனியாக இருந்தாள். இருட்டு. வெளியே வெயில் ஏறிச் செதில் சுட்டது. இப்படியே பசியில் செத்துப்போவோமோ என்று நினைத்தாள். நினைக்க நினைக்க மூச்சு குட்டி குட்டியாக, அவசர அவசரமாக வந்தது. ஒவ்வொரு குட்டி மூச்சுக்கும் முதுகு இன்னும் கொஞ்சம் இறுகியது.

எவ்வளவு நேரம்தான் பயப்படுவது? பயந்து பயந்து அலுத்துப்போய், பாதி எரிச்சலும் பாதி அழுகையுமாக நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அது முடிகிற இடத்தில் அவள் வால் ஒரு விரற்கடை தளர்ந்தது.

சிலம்பாயி அப்படியே இருந்தாள். நிஜம்தானா என்று பார்க்க, மறுபடியும் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள். இன்னொரு விரற்கடை தளர்ந்தது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் திறந்துவிடலாம் என்று பார்த்தபோது பழையபடி இறுகியது. சரி, அவசரம் வேண்டாம் என்று மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு கிடந்தாள். வெயில் சாய்ந்தபோது மூக்கு வெளியே வந்தது. அப்புறம் தலை வந்தது. இருட்டுவதற்குள் பாறைமேல் நீட்டிப் படுத்திருந்தாள். பயம் எங்கும் போய்விடவில்லை, பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் சுருள் திறந்துவிட்டது.

மறுநாள் அவள் மாஸ்டரைத் தேடிப் போனாள். ஊரில் ஆசனம் செய்கிறவர்கள் எப்போது மூச்சை இழுத்தார்கள், எப்போது விட்டார்கள் என்று கேட்டாள்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தான். கூடத்துக்குள் ஏசி ஓடியதால் கண்ணாடி ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்களாம். "அந்த டீச்சரம்மா வாய் மட்டும் ஓயாம அசைஞ்சிட்டே இருந்துச்சு. பாட்டு பாடறாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"மூச்சைப் பத்திதான் சொல்லியிருப்பாங்க மாஸ்டர்."

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறந்த குட்டிகூட மூச்சுவிடுகிறது, அதற்கு ஒரு வகுப்பா என்று கேட்டான். நெஞ்சு நிறையக் காற்றை அடைத்து விறைத்துக்கொண்டு நின்றால்தான் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று நின்றும் காட்டினான். எடுப்பாகத்தான் இருந்தது. சிலம்பாயி வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் தன் வளை வாசலிலேயே அவள் செய்ய ஆரம்பித்தாள். குப்புறப் படுத்து, மூச்சை இழுத்துக்கொண்டே தலையைப் பாம்பு மாதிரி மெல்ல உயர்த்துவாள். விட்டுக்கொண்டே இறக்குவாள். முதல் நாள் தலை ஒரு சாண் உயர்ந்தது, அத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு தாழ்ந்த கிளை ஒன்றில் வாலைச் சுற்றித் தொங்குவாள். முதலில் இரண்டு மூச்சு நேரம்தான் தாங்கியது. முதல் வாரத்தில் மயில் அகவியபோது பாதி ஆசனத்திலேயே சுருண்டுபோனாள். ஆனால் சுருண்ட வேகத்தில் திறந்துகொண்டாள். அடுத்த வாரம் மயில் அகவியபோது உடம்பு சிலிர்த்தது, சுருளவில்லை.

இரண்டு மாதத்தில் முதுகு இளகியது. வால் கயிறு மாதிரி முறுக்கேறியது. ஒருநாள் காய்ந்து கல்லாகிக் கிடந்த புற்று ஒன்றைத் தானே உடைத்துச் சாப்பிட்டாள். பக்கத்தில் வந்து நின்ற மொக்கையன் வாயைப் பிளந்தான். தனக்கும் காரணமில்லாமல் கோபம் கோபமாக வருகிறது, இடுப்பு வேறு பிடித்துக்கொள்கிறது, கற்றுக்கொடுப்பாயா என்று கேட்டான். தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லி, பக்கத்தில் இடம் விட்டாள்.

மாஸ்டர் வகுப்பிலும் கூட்டம் குறையவில்லை. வகுப்பு முடிந்து நொண்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகமானார்கள்.

ஐப்பசி பிறந்தது. ஓடை நடுவில் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்கும். அதன்மேல் ஒரு யோகா கண்காட்சி நடத்தப்போவதாக மாஸ்டர் காடெல்லாம் சொல்லி அனுப்பினான். அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். மாஸ்டர் கால் இரண்டையும் பின்னிப் பத்மாசனத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் காற்றை நிரப்பிக் கண்ணை மூடினான்.

மேலே மலையில் மழை கொட்டியது யாருக்கும் தெரியவில்லை. செக்கச்செவேலென்று தண்ணீர் திரண்டு வருவதைக் கொக்குதான் முதலில் பார்த்துக் கத்தியது. எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். மாஸ்டரும் ஓடத்தான் நினைத்தான். கால் மரத்துப்போயிருந்தது, பின்னல் அவிழவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்து, இரண்டு பாறைகளுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நெஞ்சுவரை இறங்கி மாட்டிக்கொண்டான். தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டது.

மொக்கையன் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க மாஸ்டர் பயத்தில் மேலும் காற்றை இழுத்தான். நெஞ்சு ஆப்பு மாதிரி இறுகியது. காட்டுப்பன்றி பாறையை முட்டிப் பார்த்துத் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளம் வேகமெடுக்கவே மொக்கையனும் கால் வழுக்கிக் கரையேற வேண்டியதாயிற்று.

அப்போது இடி இடித்தது. கரையில் நின்ற சிலம்பாயி சுருண்டுகொண்டாள்.

மாஸ்டரின் அலறல் பந்துக்குள்ளும் கேட்டது. ஒரு மூச்சை நீளமாக விட்டாள். போதவில்லை. இன்னொன்று விட்டாள். மூன்றாவது மூச்சில் வால் திறந்தது. எழுந்து நேரே ஓடைப்பக்கம் நடந்தாள்.

அந்தப் பாறைமேல் கரையிலிருந்து ஒரு நாவல்மரக் கிளை கவிந்திருந்தது. சிலம்பாயி மரமேறி, கிளையில் வாலைச் சுற்றி, தலைகீழாக இடுக்கின்மேல் தொங்கினாள். மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்தாள். தண்ணீர் அவன் விலாவுக்கு வந்திருந்தது.

"மூச்சை விடுங்க மாஸ்டர்."

"விட்டா உள்ள போயிடுவேன்."

"நான் பிடிச்சிருக்கேன். காத்து உள்ள இருக்கிறதாலதான் மாட்டியிருக்கீங்க. மெதுவா விடுங்க."

"எனக்குத் தெரியல சிலம்பாயி" என்றான். திரும்பி வந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னைப் பாருங்க. நான் விடும்போது நீங்களும் விடுங்க."

அவள் நீளமாக மூச்சை விட்டாள். அவனுடையது பாதியில் அறுந்தது. மறுபடி விட்டாள், அவனும் விட்டான். நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. மூன்றாவது தடவை அவன் உள்ளே இருந்த காற்றெல்லாம் ஹூம் என்று வெளியே போனது. சிலம்பாயி வாலை இறுக்கி, முதுகை வளைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பலாச்சுளையிலிருந்து கொட்டை நழுவுவதுபோல் மாஸ்டர் வெளியே வந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு அவள் கிளைக்கு ஏறியபோது இடுக்கு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

கரைக்கு வந்த பிறகும் மாஸ்டரின் கால் பின்னியபடியேதான் இருந்தது. மொக்கையன் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சு அவிழ்ப்பதுபோல் நிதானமாக அவிழ்த்துவிட்டான். ரத்தம் ஓடி விறுவிறுத்தபோது மாஸ்டர் "அய்யோ, அம்மா" என்று துள்ளினான். அந்தத் துள்ளல் அவன் காட்டிய எந்த ஆசனத்தையும்விட நன்றாக இருந்ததாக முயல் சொன்னது.

மழை விட்டதும் வகுப்பு சிலம்பாயியின் வளை வாசலுக்கு மாறியது. ஆசனங்கள் தாண்டவனுக்கு நன்றாக நினைவிருந்ததால் அவன் செய்து காட்டினான். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எங்கே போதும் என்று நிறுத்த வேண்டும் என்பதைச் சிலம்பாயி சொன்னாள். வெள்ளையம்மாவைச் சிரசாசனம் செய்யச் சொல்லி அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவள் கழுத்தை மட்டும் மெல்ல நீட்டி, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். தாண்டவனை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை, அவனும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பார்ப்பவர் கைதட்ட உடம்பை முறுக்குவது யோகா ஆகாது. தன் உடம்புக்கு ஏற்றதை, சீரான மூச்சோடு, தினமும் கொஞ்சம் செய்துவருகிறவருக்கே மனமும் இளகும், உடம்பும் வலுக்கும்.