உடும்பு கொடுத்த ஒன்பது கொட்டை

ஓடைக்கரைச் சந்தையில் அணிலம்மா நாவல் பழம் விற்று வந்தது. அந்தக் காட்டில் காசு என்றால் புளியங்கொட்டை. நாவல் மரமெல்லாம் குரங்கின் குத்தகை. காலையில் ஒன்பது கொட்டை எண்ணி வைத்தால்தான் குரங்கு ஒரு கூடைப் பழத்தை இறக்கும்.

கையில் கொட்டை இல்லாதவர் என்ன செய்வது? யானையார் நடத்தும் கடன் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே வட்டி குறைவுதான். ஆனால் ஜாமீனுக்குப் புலி கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டு வாங்கப் போனவர் யாரும் இதுவரை திரும்பி வரவில்லை.

ஆகவே சந்தை முழுவதும் உடும்பு அண்ணாச்சியைத்தான் நம்பியிருந்தது. விடியும்போதே அது வந்துவிடும். பத்துக் கொட்டையை எண்ணும். ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளும். மீதி ஒன்பதை நீட்டும்.

“வட்டியை இப்பவே பிடிச்சிட்டேன். சாயங்காலம் பத்து! நீ என்னைத் தேடி அலைய வேண்டாம்மா, நானே கடைக்கு வந்து வாங்கிக்குவேன்!”

“அண்ணாச்சிக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!” என்று பக்கத்தில் கிழங்கு விற்கும் கௌதாரி கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

அந்தப் பெரிய மனசு, அணிலின் பொந்து வாசலில் நகத்தால் ஒரு கீறலும் போட்டு வைத்திருந்தது. கடன் தவறினால் பொந்து உடும்புக்கு! உள்ளே பால்குடி மாறாத மூன்று குட்டிகள் இருந்தன. அணிலம்மாவுக்குக் கண்ணை மூடினாலும் அந்தக் கீறல்தான் தெரியும்.

ஒரு கூடைப் பழம் பதின்மூன்று கொட்டைக்கு விற்கும். பத்து உடும்புக்கு, மூன்று வீட்டுச் செலவுக்கு. மறுநாள் காலையில் மறுபடியும் வெறுங்கை. இப்படியே நாள் ஓடியது.

ஒரு நாள் மாலை பெருமழை. உடும்பு வசூலுக்கு வரவில்லை. அணிலம்மா பத்துக் கொட்டையை மடியில் முடிந்துகொண்டு காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது. மறுநாள் விடிந்தது. அப்போதும் உடும்பைக் காணோம்!

சந்தையில் ஒரே ஒப்பாரி.

“ஐயோ, அண்ணாச்சி இல்லாம எப்படிக் கடை போடுவேன்!” என்று கௌதாரி மாரில் அடித்துக்கொண்டது. அடிக்கும்போதெல்லாம் அதன் மடியிலிருந்த பத்துக் கொட்டையும் கலகலவென்று குலுங்கியது.

கூடச் சேர்ந்து அழுதுகொண்டிருந்த அணிலம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அழுகையை நிறுத்திவிட்டுத் தன் மடியைத் தடவிப் பார்த்தது.

“அக்கா, நம்மகிட்டதான் பத்து இருக்கே! இதுல ஒன்பதைக் குரங்குகிட்டக் கொடுத்தா என்ன?”

“அடி பாதகத்தி! அது அண்ணாச்சி காசு! தொட்டா கை அழுகிப்போகும்!”

“இதைத்தானே அவரு காலையில நமக்குத் தருவாரு?”

“அவரு கையால வாங்கினா அது கடன். நாமளா எடுத்தா திருட்டு! வியாபாரம்னா ஒரு முறை வேண்டாமாடி?”

அணிலம்மாவுக்கும் பயம்தான். ஆனால் குட்டிகளின் பசிக்கு முறை தெரியாதே! ஒன்பதைக் குரங்கிடம் கொடுத்தது. கை அழுகவில்லை. பழமும் எப்போதும் போல விற்றது. மாலையில் வீட்டுச் செலவு போக மடியில் பதினொன்று இருந்தது. மறுநாள் பன்னிரண்டு! அணிலம்மா நம்ப முடியாமல் மூன்று முறை எண்ணிப் பார்த்தது.

மற்ற வியாபாரிகளோ கடையை மூடிவிட்டு அண்ணாச்சிக்காக வேண்டிக்கொண்டன. கடன் காசைத் தொட மாட்டோம் என்று சத்தியமும் செய்தன. வயிறு பசித்தபோது மட்டும் அதிலிருந்து மூன்று மூன்றாய் எடுத்துச் செலவு செய்தன. நாலாம் நாள் எல்லார் மடியும் காலி.

ஒன்பதாம் நாள், புற்றுமேட்டில் ஒரே இடத்தில் புளியங்கன்றுகள் கூட்டமாய் முளைத்திருப்பதைக் கௌதாரி கண்டது. கிளறினால், அடியில் உடும்பு! அன்றைய மழையில் வளை வாசல் சரிந்து, அது சேர்த்து வைத்த கொட்டையெல்லாம் ஊறி உப்பி வழியை அடைத்துவிட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஆள் வந்திருக்கும். ஆனால் வந்தவர்கள் கொட்டைக் குவியலைப் பார்த்துவிடுவார்களே! அதனால் வாயைத் திறக்காமல் பட்டினி கிடந்தது. இப்போது குவியல் முழுவதும் கன்றாகிவிட்டது. முளைத்த கொட்டை அந்தக் காட்டில் செல்லாது.

சாயங்காலம் எலும்பும் தோலுமாய் உடும்பு நேரே அணிலின் கடைக்கு வந்தது.

“அசல் பத்து. ஒன்பது நாள் வட்டி ஒன்பது. பத்தொன்பதை எடு! இல்லேன்னா பொந்தைக் காலி பண்ணு!”

அணிலின் மடியில் சரியாகப் பத்தொன்பதுதான் இருந்தது. எல்லாவற்றையும் கொடுத்தால் நாளைக்கு மறுபடியும் வெறுங்கை. அணிலம்மா பத்தை மட்டும் எண்ணி வைத்தது.

“அண்ணாச்சி, வட்டியைக் காலையிலேயே பிடிச்சிட்டுத்தானே கொடுப்பீங்க? இந்த ஒன்பது காலையும் நான் உங்ககிட்ட வாங்கவே இல்லையே! தேடி அலையாதே, நானே வருவேன்னு சொன்னதும் நீங்கதானே? நான் தினமும் கடையிலதான் இருந்தேன்!”

சந்தை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன வார்த்தையை இல்லை என்று சொல்ல முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உடும்பு அந்தப் பத்தை வாங்கிக்கொண்டது. அணிலம்மா ஒரே ஓட்டமாய் வீட்டுக்குப் போய், பொந்து வாசலில் கீறல் இருந்த பட்டையைக் கொறித்துத் துப்பியது.

மறுநாள் விடிந்தது. இப்போது உடும்பிடம் மிச்சம் இருந்தது அணில் கொடுத்த அந்தப் பத்துதான். அதில் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மீதி ஒன்பதைக் கௌதாரியிடம் நீட்டியது. பழைய பாக்கிக்காக அதன் கூட்டு வாசலில் இன்னொரு கீறலும் போட்டது.

“அண்ணாச்சி மகராசன்! உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா!” என்று கௌதாரி கும்பிட்டு வாங்கிக்கொண்டது.

கடனாக வரும் காசு நேற்று யார் கையிலிருந்து போனது என்று எண்ணிப் பார்க்காதவர், காலமெல்லாம் தம் காசுக்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.