நடுநிலை வகிக்காத கார்

ஊருக்கு நாலு முட்டாள்கள் எங்கேயும் கிடைப்பார்கள். ஆனால் கொடி பிடித்து, தீர்மானம் போட்டு, கையெழுத்தும் வைத்து முட்டாள்தனம் செய்தவர்கள் கருக்கம்பாளையம் உரிமை மீட்புக் குழுவினர் மட்டும்தான். தலைவர் மாசிலாமணி, துணைத் தலைவர் தாவீது, செயலாளர் குப்புராசு. தொண்டர் என்று யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் தாலுகா ஆபீஸ் முன்னால் குடிநீர் கேட்டு ஆர்ப்பாட்டம். வாழ்நாளெல்லாம் பிறர் பேச்சுக்குக் கை தட்டிய மாசிலாமணிக்கு முதல்முறையாகச் சிறப்புரை கிடைத்திருந்தது. நேரத்துக்குப் போகாவிட்டால், குழுவை உடைத்துக்கொண்டு போன இருதயராஜ் மைக்கைப் பிடித்துவிடுவார். பேச்சு மனப்பாடம். கார்தான் மக்கர்.

மெக்கானிக் சலீம் போனில் சொன்னார்: "தலைவரே, கியர் ஆயிலை மாத்தாம வண்டிய எடுக்காதீங்க. நியூட்ரல்ல போட்டு, அடியில இருக்கற போல்ட்டைக் கழட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விடுங்க. அப்புறம் பக்கத்து ஓட்டையில புது ஆயில் ஊத்துங்க. வழிஞ்சா நிறுத்திடுங்க."

"நியூட்ரல்னா?" என்றார் தாவீது.

"நடுநிலை," என்றார் குப்புராசு.

மாசிலாமணிக்கு மீசை துடித்தது. "என் வாழ்க்கையில நான் நடுநிலை வகிச்சதே இல்ல. ஒரு காருக்காகக் கொள்கையை விடுவேனா? முதல் கியர்ல போடுய்யா!"

போட்டார்கள். போல்ட்டைக் கழற்றியதும் எண்ணெய் தார் மாதிரி கொட்டியது. துடைக்க, ஊரார் வாங்க மறுத்த துண்டறிக்கைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவை ஒரு காரியத்துக்கு உதவியது அன்றுதான்.

பிறகு கடைசிச் சொட்டுக்காக மூவரும் காருக்கடியில் மல்லாந்தார்கள்.

"இதுதான் கடைசி," என்றார் தாவீது. அவர் நெற்றியில் இன்னொன்று விழுந்தது.

"பொறுங்க தோழர். கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரைன்னு மேடையில எத்தனை தடவை முழங்கியிருப்போம்! ஒருநாளாவது கூட இருந்து பார்த்திருக்கோமா?" என்றார் குப்புராசு.

தலைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. வெயில் சாயும்வரை அசையவில்லை.

புது எண்ணெயை மேலே ஊற்ற ஊற்றக் கீழே வழிந்தது.

"வழிஞ்சிருச்சு, நிறுத்து!"

"தலைவரே, போல்ட்டு என் கையிலயே இருக்கே?" என்றார் தாவீது.

"கழட்டத்தான் சொன்னாரு. மாட்டச் சொன்னாரா? நாம சொந்தமா முடிவெடுத்துத்தான்யா குழு உடைஞ்சது!"

குப்புராசு ஓட்ட, கார் அலறிக்கொண்டு கிளம்பியது. தாலுகா ஆபீஸ் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் முன்னால் போகிற கியர் எல்லாம் கையை விரித்தன. ரிவர்ஸ் மட்டும் விழுந்தது.

"பின்னால போறது பிற்போக்கு ஆச்சே?" என்று கலங்கினார் தாவீது.

"காரைத் தள்ளித் திருப்புங்க. அது எப்படியோ போகட்டும், நாம முன்னேறுவோம்!" என்றார் தலைவர்.

ஆர்ப்பாட்டப் பந்தலில் இருந்தவர்கள் கண்டது இதுதான்: மூக்கை ஊர்ப்பக்கம் நீட்டிய ஒரு கார், ஜன்னலில் கடுகடுவென்று மாசிலாமணி. மைக் முன்னால் நின்ற இருதயராஜ் சும்மா இருப்பாரா? "தோழர் மாசிலாமணி வெளிநடப்பு செய்கிறார்!" என்று முழங்கினார். கூட்டம் எழுந்து கை தட்டியது. மாசிலாமணி தம் வாழ்நாளில் வாங்கிய முதல் கைதட்டல்.

"இப்பத்தான் வர்றோம்னு சொல்லுங்க தலைவரே," என்று கெஞ்சினார் தாவீது.

"அறிவிச்சாச்சு. இனி பின்வாங்க முடியாது. ஆனா வெளிநடப்பு செய்யணும்னா முதல்ல உள்ளே போகணும்ல? விடுய்யா உள்ளே!"

கூட்டம் சிதறி வழிவிட்டது. கார் பின்பக்கமாகவே பந்தலில் நுழைந்து, துணியைக் கிழித்து, மறுபக்கம் வெளியேறி, அங்கேயே உயிரை விட்டது. டிக்கி மேல் வயர் அறுந்த மைக் கிடந்தது.

மாசிலாமணி இறங்கி அதை எடுத்து ஒரு தடவை ஊதிப் பார்த்தார்.

"என்னோடு வெளிநடப்பு செய்த மாபெரும் மக்கள் வெள்ளமே!" என்று ஆரம்பித்தார்.

மக்கள் வெள்ளம் முன் சீட்டில் ஒன்றும் பின் சீட்டில் ஒன்றுமாக உட்கார்ந்து கை தட்டியது.