வெறுந்தலை

கல்லூரிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சாக வந்த துரைசிங்கம், ஹெல்மெட்டும் தோள்கவசமுமாக நின்று, வெறுந்தலையோடு ரக்பி ஆடும் பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

“கவசம் இல்லாம ஆடினா மண்டைதான் உடையும். ஓடி வர்ற என்னை ஒருத்தி நிறுத்திட்டா மைதானம் உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு.”

அணியிலேயே ஒல்லியான எஸ்தர்மணி முன்னால் வந்தாள். “தொடாமலே நிறுத்துறேன் சார். அந்த ஹெல்மெட்டை மட்டும் எனக்குக் குடுங்க.”

கொடுத்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து, முட்டத் தயாராக நின்றாள். பாய்ந்து வந்தவர், பக்கத்தில் வந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

“என்ன சார்?”

“நீ முட்டினா என் மண்டை என்னத்துக்கு ஆகும்?”

“எங்களுக்கும் அடிபடும் சார். ஆனா ஹெல்மெட் இருந்தாத்தான் தலையாலயே முட்டத் தோணும்” என்று அதைக் கழற்றி நீட்டினாள். “தலையைக் காப்பாத்திக்கிட்டீங்களே, அதுதான் ரக்பி.”