சேலை கட்டிய லட்சுமி

குரு சிகப்பிக்கு நாற்பது நிறையவில்லை. சீடர் திருவேங்கடமோ தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில், பழம்பொருள் கடைகள் இருக்கிற தெருவில், இப்படியும் ஒரு குருகுலம் நடந்துகொண்டிருந்தது. பாடம் ஒன்றுதான்: படம் கையால் வரைந்ததா, அச்சா, அச்சென்றால் என்ன பெறும்.

சிகப்பி வெளியே போயிருந்தபோது சேவுகன் என்பவர் ஒரு படத்தைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். ஊரெல்லாம் பூஜை அறையில் இருக்கிற அதே லட்சுமிதான். ஆனால் இந்த லட்சுமிக்கு மட்டும் யாரோ நிஜத் துணியில் சேலை தைத்து, சரிகையும் மணியும் வைத்திருந்தார்கள்.

"டவுன்காரர் ஒருத்தர் இது கையால வரைஞ்ச அசல்னாரு. அசல்னா சூடப் புகை படக்கூடாதாமே. பார்த்துச் சொல்லுங்கய்யா. சாயங்காலம் வாறேன். வீட்டுக்காரி தேடுவா."

லட்சுமியின் முகத்தில் லென்ஸை வைத்தார் திருவேங்கடம். பொடிப்பொடியாகப் புள்ளிகள். அச்சுதான். அதோடு விட்டிருக்கலாம். எந்த அச்சகம் என்று தெரிந்தால் மதிப்பையும் தானே சொல்லிவிடலாமே என்று ஆசை. பேர் அடி ஓரத்தில் இருக்கும். அங்கே சேலைக் கரை மறைத்தது.

கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு தையலைப் பிரித்ததும் மற்றவை தாமாகவே கழன்று வந்தன.

சிகப்பி திரும்பியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆச்சி, கல்லுல வரைஞ்சு அடிச்ச பழைய கல்லச்சு. அச்சகத்துப் பேர் ஊர் எல்லாம் இருக்கு. அழுக்குத் துணியை எடுத்துட்டேன். இனி விலை எங்கேயோ போகும்."

சிகப்பி படத்தைப் பார்க்கவில்லை. குப்பைக்கூடையைப் பார்த்தார்.

அந்த நேரம் சேவுகன் வந்தார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க படமில்லீங்களே."

"உங்களுதுதான்யா. சுத்தம் பண்ணியிருக்கேன். இப்ப வித்தா நல்ல விலை."

"விக்கவா கொண்டாந்தேன்?"

சேவுகன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

"கண்ணு இருந்தப்போ என் வீட்டுக்காரி தைச்சதுங்க. இப்ப பார்வை சுத்தமா இல்லை. காலையில எந்திரிச்சதும் தடவித்தான் கும்பிடுவா. எந்த மணி எங்க இருக்குன்னு அவ விரலுக்குத் தெரியும். இதைக் கொண்டுபோய் எப்படிங்க குடுப்பேன்?"

திருவேங்கடம் கூடையைக் கவிழ்த்தார். கரை ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம். மணிகள் தரையெல்லாம் உருண்டன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ஆச்சி, அதே நூல், அதே மணி. பழைய துளையிலேயே கோத்துத் தைச்சுக் கொடுத்துட்டா?"

சிகப்பி மேசையில் கிடந்த லென்ஸை எடுத்து உறையில் போட்டு மூடினார்.

"தைக்கலாம் அண்ணே. ஆனா அது பிரதி. அதைக் கண்டுபிடிக்க அந்தம்மாவுக்கு லென்ஸ் வேண்டாம்."