பதினேழாவது வரி

கல்லூரி விடுதிப் பட்டியலில் தூரத்து ஊர் மாணவிகளில் ஒருவர் பெயரும் இல்லை. பெற்றோர்கள் அரங்கில் கொதித்தார்கள்.

கணினித் துறைத் தலைவர் ஏகாம்பரநாதன் மீசையைத் தடவினார். "தூரத்தைக் கணக்குப் பண்ணி டேட்டாபேஸ் ஃபங்ஷன், அதாவது கணினி நிரல், தானா போட்ட பட்டியல். அதை யாராலும் தொட முடியாது."

தற்காலிக ஊழியர் நூர்ஜஹான் எழுந்தாள். "நான் திருத்தறேன் சார்."

நிரலைத் திருத்தும் மென்பொருளை அவள் கணினியிலிருந்து காலையில்தான் நீக்க வைத்திருந்தார் அவர். சிரித்தபடி சொன்னார்: "அஞ்சு நிமிஷம் தரேன். முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அந்த மென்பொருள் இல்லாமலே, அவள் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். ஃபங்ஷன் முழுவதும், வரி வரியாக, புரொஜெக்டர் வழியே அரங்கின் சுவரில் விரிந்தது.

"படிச்சுட்டுத் திருத்தறேன் சார். பதினேழாவது வரி என்ன சொல்லுதுன்னா, ஏகாம்பரநாதன் சிபாரிசு இருந்தா தூரத்தைப் பார்க்காதே, முதல்ல வை."

"நிறுத்து!" என்று கத்தினார் ஏகாம்பரநாதன்.

"நீங்க கொடுத்த அஞ்சு நிமிஷத்துல இன்னும் மூணு இருக்கு சார்."

வரியை அழித்தாள், சேமித்தாள், பட்டியலை மறுபடி எடுத்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த ஒருவர், முதலிடத்தில் தன் மகளின் பெயரைப் படித்துவிட்டு ஏகாம்பரநாதனிடம் திரும்பினார்.

"இப்பதான்யா உங்க கணினிக்கு எங்க ஊர் எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிருக்கு."