கரடியம்மாவின் குகையில் அழாத குழந்தைகள்

“பெத்த குழந்தையைக் கரடி கையில கொடுத்துட்டு வேலைக்குப் போறவளை எந்த ராஜ்யத்துலயாவது பார்த்ததுண்டா?”

நாத்தனார் வடிவம்மை இதையே, ஓர் எழுத்து மாறாமல், மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

“அப்போ நீங்களே பார்த்துக்குங்க அண்ணி,” என்றாள் செங்கமலம்.

“எனக்கு இடுப்புப் பிடிப்பு.”

“நாக்குக்கு மட்டும் ஒண்ணுமில்லை.”

இதெல்லாம் எப்போது என்கிறீர்களா? மலைகள் ராத்திரியில் புரண்டு படுத்த காலம். மிருகங்கள் பேசும், மனிதர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்தக் காலத்தில், பவளகிரி அரண்மனைக் கிளிகளுக்குப் பேச்சுப் பழக்கியவள் செங்கமலம். புருஷன் கப்பலோடு போயிருந்தான். அவள் பிள்ளை பெற்றுப் படுத்த நாளிலிருந்து கிளிகள் கத்தின கத்தலில் ராஜாவுக்குத் தலைவலி, குழந்தைக்கு மழலை வந்ததுமே ஆள் அனுப்பிவிட்டார்.

தலை நரைத்த பிறகும் அந்த முதல் நாள் காலை அவள் மூக்கிலேயே இருந்தது. சாம்பிராணிப் புகை காட்டிய ஈரத்தலை, கையில் வசம்பு வளையல், இடுப்பில் ஒட்டிக்கொண்ட சூடு. ஊர்க் குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட கரடியம்மாவின் குகைக்கு அப்படித்தான் குழந்தை அரும்பைத் தூக்கிப் போனாள்.

குகை வாசலில் எல்லாத் தாய்மாரும் ஒரே வித்தைதான். “அதோ பாரு மயிலு!” குழந்தை திரும்பும், அம்மா நழுவிவிடுவாள். செங்கமலமும் மயிலைக் காட்டினாள், நழுவினாள்.

சாயங்காலம் வந்தால் அரும்பின் சிரிப்பில் சத்தமில்லை. மறுநாள் மயில், மறுபடி நழுவல். சாயங்காலம் மழலையும் இல்லை. மூன்றாம் நாளும் அதே மயில். சாயங்காலம் குழந்தை வாயைத் திறந்து அழுதது. கண்ணீர் வந்தது, குரல் வரவில்லை.

“எவ்வளவு சமர்த்துப் பிள்ளைங்க! ஒண்ணுகூட அழறதில்லை,” என்று மற்றத் தாய்மார் பூரித்தார்கள். அசடுகள்.

“என்ன பண்ணினே என் குழந்தையை?” என்று செங்கமலம் பாய்ந்தாள்.

“காரணத்தை நான் சொன்னா கல்லாயிடுவேன், தாயீ. ஒரு மந்திரவாதியோட சாபம்,” என்றது கரடியம்மா. “ஆனா நீ கிளிக்காரி. ஒரு கிளி எப்போ பேச்சை நிறுத்தும்?”

செங்கமலம் குகைச் சுவரைப் பார்த்தாள். பாறைக்குள்ளே தேனீக் கூட்டம் போல ஏதோ முனகியது.

ஏமாற்றிக் கூண்டை அடைத்தால் கிளி பேசாது. அதனால்தான், கிளிகளிடம் சொல்லிக்கொள்ளாமல் அவள் ஒருநாளும் கிளம்பியதில்லை. கிளிக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவில்லையே.

மறுநாள் மயில் இல்லை. குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

“அரும்பு, அம்மா போயிட்டு வரேன். கிளியெல்லாம் பழம் தின்னு முடிச்சதும் வந்துடுவேன். அழணும்னா அழு. ஆனா வந்துடுவேன்.”

உதடு பிதுங்கியது. குழந்தை முந்தானையைப் பிடித்தது. செங்கமலம் விரல் விரலாகப் பிரித்தாள்; அதைவிட மலையை நகர்த்துவது சுலபம். எழுந்தாள், திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பாறை படீரென்று வெடித்தது. “ம்மா!” என்று ஓர் அலறல். அதன் பின்னாலேயே ஊர்க் குழந்தைகளின் சிரிப்பு, சிணுங்கல், மழலை எல்லாம் பறந்து வந்து அவரவர் வாயில் புகுந்தன. அழுகைச் சத்தம் தாங்காமல் ஏமாந்த குழந்தைகளின் குரலைப் பாறைக்குள் அடைத்து வைத்திருந்த அந்த மந்திரவாதி, காதைப் பொத்திக்கொண்டு ஏழு மலை தாண்டி ஓடினான். சாபம் நீங்கிய கரடியம்மாவுக்கு ராஜா அரண்மனைத் தோட்டத்திலேயே இடம் கொடுத்தார், கிளிக்கூடத்துக்குப் பக்கத்தில். சொன்னபடி செங்கமலம் தினமும் வந்தாள். அழுகை குறைந்தது, சிணுங்கலாச்சு, பிறகு அதுவும் இல்லை.

ஒருநாள் காலை, “போயிட்டு வரேன்டி” என்றாள். அரும்பு கரடியம்மாவின் முதுகில் ஏறி, இரண்டு காதையும் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். நல்லதுதானே, இதற்குத்தானே பட்டபாடெல்லாம். இருந்தும் செங்கமலத்துக்குக் கால் நகரவில்லை. லேசாகிப்போன இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தோட்ட வாசலிலேயே நின்றாள்.

“ஒரே ஒரு தடவை இங்க திரும்பிப் பாரேன், கண்ணு.”